சும்மா இருக்க வைத்தல்

ஒரகடம் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கடிகாரம் அவ்வளவாகத் தேவைப்படாது. கம்பெனி பஸ்களே போதும். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று ஒரு நாளில் மூன்று முறை ஷிஃப்ட் மாறும். மாறி அரை மணி நேரத்துக்குள் வாலாஜாபாத் சாலையிலும் சிங்கப்பெருமாள் கோவில் சாலையிலும் வெள்ளை பஸ்கள் வரிசை கட்டிவிடும். முன் கண்ணாடியில் கம்பெனி பெயரும் ரூட் எண்ணும், ஜன்னலோரங்களில் தூங்கி வழியும் தலைகளும் தெரியும்.

அந்த பஸ்களில் ஒன்றில் என் அப்பா பதினோரு வருடம் போய்வந்தார். 2011இல் உத்திரமேரூர் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தோம். ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை, கான்ட்ராக்ட்தான். வாரம் ஒரு ஷிஃப்ட். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரத்தில் மதியம் 2:40க்கு வீட்டெதிரே இறங்குவார். செகண்ட் ஷிஃப்ட் என்றால் இரவு 10:40. நைட் ஷிஃப்ட் என்றால் காலை 6:40. எந்த நேரமானாலும் என் தம்பி கேட்டைத் திறந்துகொண்டு வெளியே நிற்பான். அப்பா இறங்கியதும் டிபன் பையை வாங்குவான். அப்புறம் அவர் கழுத்திலிருந்து ஐடி கார்டைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போவான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

தம்பிக்கு ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உண்டு. பேச்சு என்று பார்த்தால் பத்துப் பன்னிரண்டு சொற்கள். 'தா', 'வா', 'வேணா', 'பஸ்'. அப்பாவைக் கூப்பிடவும் அவனிடம் இருந்த சொல் 'பஸ்'தான். நம்முடைய அரசாங்கத் தாள்களில் ஆட்டிசம் உள்ளவர்களைக் குறிக்க ஒரு தொடர் உண்டு: புற உலகச் சிந்தனையற்றோர். அந்தத் தொடரை முதன்முதலாக ஒரு விண்ணப்பப் படிவத்தில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு அடுத்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று அம்மா மறந்துபோவாள், நான் கேட்டுத் தெரிந்துகொள்வேன். எங்கள் வீட்டில் ஷிஃப்ட் ரோஸ்டரை மனப்பாடமாக வைத்திருந்த ஒரே ஆள் தம்பி.

2022 நவம்பரில் ஒரு இரவு அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. விடிவதற்குள் போய்விட்டார். தம்பிக்கு அப்போது 24 வயது.

அடுத்த இரண்டு மூன்று மாதங்களை எழுதுவது கஷ்டம். தம்பி கத்தத் தொடங்கினான். கேட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டும்வரை. உள்ளே இழுத்தால் தன் கையைக் கடித்துக்கொள்வான். அம்மா நடுவில் போனால் அம்மாவின் கையை. அவளுடைய இடது முழங்கைக்குக் கீழே பல் பதிந்த தடங்கள் இன்னும் இருக்கின்றன. இரவு பதினொரு மணிக்குக் கத்தினால் தெருவே எழுந்துகொள்ளும். வீட்டு ஓனர் நல்ல மனுஷன்தான், அவரும் மூன்றாவது தடவை வந்து, "தம்பி, நான் உங்கள போகச் சொல்லல, ஆனா பாத்துக்கங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

சிறுவயதில் அவனை முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்கான தேசிய நிறுவனத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறோம். இப்போது அங்கே போக வேண்டுமானால் படப்பை, வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும். அவனோ வெள்ளை பஸ்ஸைப் பார்த்தாலே ஓடிப்போய் ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அதனால் தாம்பரம் பக்கம் ஒரு தனியார் மையத்தில், பிகேவியர் தெரபி என்று போர்டு போட்டிருந்த இடத்தில், பைக்கில் நடுவே உட்காரவைத்துக் கூட்டிப்போனோம். ஒரு அமர்வுக்கு 600 ரூபாய். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000. மூன்று அமர்வுக்கும் கொஞ்சம் பெட்ரோலுக்கும் சரியாகப் போகும்.

அங்கிருந்த அக்கா பொறுமையானவர். முதல் நாளே ஒரு விஷயம் சொன்னார். "அவன் ஏன் கத்துறான்னு கண்டுபிடிக்காம கத்துறத நிறுத்தப் பாக்கக் கூடாது." ஒரு அட்டவணை கொடுத்தார். ஒவ்வொரு முறையும் கத்துவதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பின் நாங்கள் என்ன செய்தோம் என்று மூன்று கட்டங்களில் எழுத வேண்டும். நேரம் முக்கியம் என்றார்.

எனக்கு அது உடனே பிடித்துப்போனது. நான் பார்க்கும் வேலையே அதுதான். தொழிற்சாலைகளின் உற்பத்தி வரிசை எப்போது, எங்கே, ஏன் நிற்கிறது என்பதைப் பதிவுசெய்து திரையில் காட்டும் மென்பொருள் எழுதுகிறேன். ஷாப் ஃப்ளோரில் ஆண்டான் பலகை என்று ஒன்று உண்டு. ஜப்பானியச் சொல், விளக்கு என்று பொருள். நம் ஊர்ப் பையன்கள் உச்சரிக்கும்போது ஆண்டான், அடிமை நினைவு வந்துவிடும். டொயோட்டாவில் தொடங்கிய வழக்கம்: வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும். பொறுப்பாளர் ஓடிவருவார். சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நிற்கும். கயிற்றை இழுத்தவனைத் திட்டக் கூடாது என்பதுதான் அதில் முதல் பாடம். இழுப்பதற்குப் பயந்தால் கோளாறு வண்டியோடு சேர்ந்து வெளியே போய்விடும்.

இதே துறையில் இன்னொரு கதையும் உண்டு. ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர், தொழிலாளி தவறு செய்ய முடியாதபடி கருவியையும் வேலை முறையையும் மாற்றியமைக்கும் வழிகளை 1960களில் உருவாக்கினார். அதற்கு முதலில் வைத்த பெயர் 'பாக்கா யோக்கே'. முட்டாள் தடுப்பு என்று சொல்லலாம். ஒரு தொழிற்சாலையில் அதை விளக்கியபோது ஒரு பெண் தொழிலாளி, நான் அவ்வளவு முட்டாளா என்று அழுதுவிட்டார். 1963இல் ஷிங்கோ பெயரை 'போக்கா யோக்கே' என்று மாற்றினார்: தவறு தடுப்பு. கோளாறு ஆளிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது என்ற நினைப்பு அந்த ஒரு எழுத்து மாற்றத்தில் இருக்கிறது. ஒரகடத்தில் எல்லா டிரெய்னிங் ரூம்களிலும் இந்தச் சொல்லைப் பார்க்கலாம்.

நடத்தை ஆதரவு என்று இன்று சொல்லப்படுவதன் நல்ல பக்கமும் இதே நினைப்பில்தான் நிற்கிறது. 1982இல் பிரையன் இவாட்டாவும் அவர் கூட்டாளிகளும் பால்டிமோரில் ஒரு வேலை செய்தார்கள். தம்மைத் தாமே அடித்துக்கொள்ளும், கடித்துக்கொள்ளும் 9 பேரைப் பல்வேறு சூழல்களில் பதினைந்து பதினைந்து நிமிடம் வைத்துக் கவனித்தார்கள். ஒரு சூழலில் கவனிப்பு கிடைக்கும், ஒன்றில் வேலை வைப்பார்கள், ஒன்றில் தனியாக விடுவார்கள். ஒரே மாதிரித் தெரியும் செயலுக்கு ஆளுக்கு ஆள் காரணம் வேறு என்று தெரியவந்தது. ஒருவர் வேலையிலிருந்து தப்பிக்க அடித்துக்கொள்கிறார், இன்னொருவர் யாராவது பக்கத்தில் வர வேண்டும் என்று. மூன்று வருடம் கழித்து எட்வர்ட் காரும் மார்க் டியூரண்டும் அடுத்த படிக்குப் போனார்கள். கத்தி, அடித்து எதைக் கேட்கிறார்களோ அதையே கேட்பதற்கு ஒரு வாக்கியத்தைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 'எனக்குப் புரியவில்லை' என்று கேட்கத் தெரிந்ததும், பாடம் புரியாமல் கத்திய குழந்தை கத்துவதைக் குறைத்தது. கேட்டால் எளிமையாகத் தோன்றும். அதற்கு முன்னால் அந்தக் குழந்தைகளுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரிந்தால்தான் இதன் அருமை தெரியும். அதற்கு வருகிறேன்.

நான் அட்டவணையை எக்ஸெல்லில் போட்டேன். சும்மா போடவில்லை, வீட்டுக்கு ஒரு டாஷ்போர்டே செய்தேன். பத்து வாரத் தரவு சேர்ந்ததும் நேரவாரியாக வரைந்து பார்த்தேன். மூன்று மேடுகள். மதியம் 2:40, இரவு 10:40, காலை 6:40. வாரவாரியாகப் பிரித்தபோது ஒரு வாரத்துக்கு ஒரு மேடுதான் இருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே வரிசை திரும்பியது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா இல்லாத பத்து வாரமும் தம்பி அவருடைய ஷிஃப்ட்டைத் தவறவிடாமல் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறான்.

இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்தது துக்கம் என்றுதான் சொல்ல ஆசை. ஆனால் வந்தது, வேலையில் ஒரு பக் எங்கே என்று பிடிபட்டால் வரும் அந்தச் சந்தோஷம். அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பினேன். அடுத்த அமர்வில் அவர் கேட்டார்: "அப்பா தவறினது அவனுக்குத் தெரியுமா? எப்படிச் சொன்னீங்க?"

"அவனுக்கு அதெல்லாம் புரியாது மேடம்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு படிவத்தில் எதையோ எழுதினார்.

திட்டம் போட்டோம். எப்போது கத்துவான் என்று நிமிடக் கணக்கில் தெரிந்துவிட்டதே. பஸ் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே பின்பக்க அறைக்குக் கூட்டிப்போக வேண்டும். காதில் ஹெட்போன், போனில் அவனுக்குப் பிடித்த வாஷிங் மெஷின் வீடியோ. கேட் பக்கம் போகாமல் இருக்கும் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒரு துண்டு கடலை மிட்டாய். கேட்டுக்குப் போய்க் கத்தினால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆரம்பத்தில் கத்தல் கூடும் என்று அக்கா எச்சரித்திருந்தார். வழக்கமாகக் கிடைப்பது நின்றுபோனால் கொஞ்ச நாள் அதிகமாகக் கேட்பது மனித சுபாவம். கூடத்தான் செய்தது. நான்காம் நாள் கேட்டில் நெற்றியை மோதிக்கொண்டதில் ரத்தம் வந்தது. அம்மா ஓடப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "இப்ப போனா எல்லாம் வீணாயிடும்மா."

ஐந்தாவது வாரத்தில் கோடு இறங்கத் தொடங்கியது. பதினொன்றாவது வாரத்தில் பூஜ்யம். அம்மா இரவு முழுக்கத் தூங்கினாள். வீட்டு ஓனர் பொங்கலுக்குக் கரும்பு வாங்கிக்கொடுத்தார் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அப்போது சித்திரை மாதம்; மாம்பழம் கொடுத்தார்.

இதற்குப் பிறகு பல மாதம் கழித்துத்தான் ஆக்டன் லிண்ட்ஸ்லி என்பவரைப் பற்றிப் படித்தேன். ஸ்கின்னரின் மாணவர், நடத்தையியல்காரர். அவர் 1960களில் ஒரு சோதனை சொல்லிவைத்தார். அந்தத் துறையில் 'செத்த மனிதன் சோதனை' என்று பெயர். ஒரு பிணத்தால் செய்ய முடியுமானால் அது நடத்தை இல்லை. ஆகவே அதைப் பயிற்சியின் இலக்காக வைக்காதே. 'கத்தாமல் இருப்பது' பிணத்தால் முடியும். 'நாற்காலியை விட்டு எழாமல் இருப்பது' முடியும். 'தண்ணீர் கேட்பது' முடியாது. எங்கள் திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். இலக்கு என்ற இடத்தில் நானே தட்டச்சு செய்திருந்தேன்: கேட்டுக்குப் போகாமல் இருத்தல். பிணத்தால் முடியும். சொல்லப்போனால் அப்பா அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

1972இல் வினட், விங்க்லர் என்ற இருவர் அன்றைய வகுப்பறை ஆய்வுகளை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். நடத்தையியல்காரர்களின் சொந்தப் பத்திரிகையிலேயே வந்தது. அசையாதே, பேசாதே, அடங்கி இரு என்பதைத் தவிர நாம் குழந்தைகளுக்கு எதையாவது கற்றுக்கொடுக்கிறோமா என்பதுதான் அவர்களின் கேள்வி. ஐம்பது வருடம் ஆயிற்று.

தமிழில் இதற்கு இரண்டே சொல் போதும்: சும்மா இரு. விசித்திரமான தொடர். எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வல்லக்கோட்டை முருகன் கோவில் இருக்கிறது. அருணகிரிநாதர் கோடைநகர் என்று பாடிய தலம். அவருக்கும் தாயுமானவருக்கும் சும்மா இருப்பது அடைவதற்கே அரிய நிலை. அதே இரண்டு சொல்லை நாம் வகுப்பறையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் குழந்தைகளைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறோம். ஒருவன் தானாகப் போய்ச் சேர்ந்தால் ஞானம். இன்னொருவன் வசதிக்காக அவன்மேல் இறக்கினால் அதற்கு என்ன பெயர் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முன்னால் என்ன நடந்தது என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. 1965 மே மாதம் அமெரிக்காவின் 'லைஃப்' இதழில் ஒரு படக்கட்டுரை வந்தது. அலறல், அறை, அன்பு என்பது போன்ற தலைப்பு. கலிஃபோர்னியாவில் இவார் லோவாஸ் ஆட்டிசக் குழந்தைகளுக்குக் கொடுத்த பயிற்சி பற்றியது. மின்சார அதிர்ச்சியும் அதில் உண்டு. அதே லோவாஸ் 1987இல், வாரம் 40 மணி நேரம் பயிற்சி கொடுத்த 19 குழந்தைகளில் 9 பேர் இயல்பான நிலைக்கு வந்துவிட்டார்கள் என்று அறிவித்தார். உலகம் முழுக்கப் பெற்றோர்கள் அந்தப் பின்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மாசசூசெட்ஸில் ஒரு மையம் உடலில் மின் அதிர்ச்சி தரும் கருவியை மாட்டிவைப்பதை விடவே இல்லை. 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அந்தக் கருவியைத் தடைசெய்தது, 2021இல் நீதிமன்றம் தடையை நீக்கியது, 2022 கடைசியில் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது, 2024இல் மறுபடி தடைக்கு முன்மொழிவு. இத்தனைக்கும் அந்தக் கருவி வேண்டும் என்று நீதிமன்றப் படி ஏறியவர்களில் பெற்றோர்களும் இருந்தார்கள். அவர்களை எளிதாக அரக்கர்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை. கடிபட்ட கையைக் கழுவி மருந்து போட்ட வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

நமக்கு அதிர்ச்சி எந்திரம் தேவைப்படவில்லை, சங்கிலி இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017இன் மனநலச் சட்டம் யாரையும் எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் வரையறையில் மனவளர்ச்சிக் குறைபாடு வராது. மனநோய் வேறு, இது வேறு. தம்பி போன்றவர்கள் 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், 21 வகைக் குறைபாடுகளின் பட்டியலில் வருகிறார்கள். கொடூரமாகவும் மனிதத்தன்மையற்றும் நடத்தப்படுவதிலிருந்து பாதுகாப்பு என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. கடலை மிட்டாய் அந்தப் பிரிவில் வராது. வரவும் கூடாது. சங்கிலிக்கும் கடலை மிட்டாய்க்கும் நடுவில் இருக்கும் தூரம் பெரியது, அந்தத் தூரத்தைக் கடக்க நிறைய நல்ல மனிதர்கள் உழைத்திருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது அந்த இரண்டும் ஒரே வாசலை நோக்கிப் போகும்போதுதான்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

அப்பா இறந்த அன்று அதிகாலை நாலரை மணிக்கு, உடல் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, தம்பியைப் பைக்கில் ஏற்றி வாலாஜாபாத்தில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தது நான்தான். யாரும் சொல்லவில்லை, நானே முடிவெடுத்தேன். பறை அடிப்பார்கள், கூட்டம் வரும், பெண்கள் அழுவார்கள். கத்துவான், யாரையாவது கடித்துவைப்பான், அவனுக்கும் கஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கருமாதி முடிந்து பதினாறாம் நாளுக்குப் பிறகுதான் திரும்பக் கூட்டிவந்தேன். வீட்டில் மாலை போட்ட ஒரு போட்டோ இருந்தது. அவனுக்குப் போட்டோவில் இருக்கும் ஆளுக்கும் பஸ்ஸில் வரும் ஆளுக்கும் சம்பந்தம் உண்டா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அப்பாவின் ஐடி கார்டைக் கணக்கு முடிக்கும்போது கம்பெனியில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

ஆக அவன் கேட்டில் நின்று கத்தியது ஒரு கேள்வி. ரோஸ்டர்படி, நேரம் தவறாமல், பத்து வாரமாக ஒரே கேள்வி. அட்டவணையில் காரணம் எழுதும் இடத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன: கவனிப்புக்காக, தப்பிப்பதற்காக, ஒரு பொருளுக்காக, உடல் உணர்வுக்காக. நான் 'பொருளுக்காக' என்ற கட்டத்தில் டிக் செய்திருந்தேன். வேறு எதில் செய்வது? அப்பா என்று ஒரு கட்டம் இல்லை. இதை அந்த அறிவியலின் குறையாக நான் சொல்லவில்லை. எந்தச் சூழல் ஒரு செயலைத் தொடரச் செய்கிறது என்று கண்டுபிடிப்பதற்கான கருவி அது. அந்த வேலையை ஒழுங்காகச் செய்தது. தரவு உண்மையை அப்படியே என் முன்னால் வைத்தது. அதை வைத்துக்கொண்டு, அவன் எப்போது கேட்கப்போகிறானோ அதற்குப் பத்து நிமிடம் முன்னால் அவன் காதில் ஹெட்போனை மாட்டினேன். புரிந்துகொள்வதும் கருணையும் ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். நன்றாகப் புரிந்துகொண்டால் நன்றாகவே வாயடைக்கவும் முடிகிறது. ஆண்டான் விளக்கு எரிந்தால் வேலை நேரத்தில் ஓடுகிறவன், வீட்டில் பல்பைக் கழற்றிவிட்டேன்.

இதை அம்மாவிடம் சொன்னேன். ராத்திரி, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பேசி முடிக்கும்வரை கேட்டாள். அப்புறம் ஈரக் கையை நீட்டித் தழும்பைக் காட்டினாள்.

"இன்னாடா சொல்ற இப்ப? நீ எழுதறதுக்கோசரம் அவன் மறுபடியும் கத்தணுமா? நீ காலையில எட்டு மணிக்குப் போனா ராத்திரிதான் வர. கடிபட்டது நானு."

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இந்த மாதிரிக் கட்டுரைகளில் பெரும்பாலும் வராத குரல் அது. பராமரிப்பவரின் தூக்கத்தையும் முழங்கையையும் கணக்கில் எடுக்காமல் சுதந்திரம், சுயம் என்றெல்லாம் பேசுவது, சாயங்காலம் வீடு திரும்பும் ஆண்களுக்கு எளிது. 24 வயது ஆளைப் பகல் முழுக்க வைத்துக்கொள்ளும் ஓர் இடம் தினமும் போய்வரும் தூரத்தில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பள்ளி 18 வயதோடு முடிந்துவிட்டது. சுற்றிலும் இவ்வளவு பெரிய கம்பெனிகள், சட்டப்படி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டியவை. பஸ் நிழற்குடைகளில் அவற்றின் பெயர் இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுக்க ஒரு இடம் இருந்திருந்தால், பதினொரு வாரத்தில் கோட்டைப் பூஜ்யத்துக்கு இறக்க நாங்கள் இவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டோம் என்று தோன்றுகிறது. பணம் குறைந்த வீட்டில் தத்துவக் கேள்விக்கும் அவகாசம் குறைவு.

ஆனால் அம்மா அதோடு விடவில்லை. பாத்திரத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு மட்டும். நான் போறப்ப அவன உங்க சித்தி வூட்டுக்கு அனுப்பிடாத. எனக்குக் கொள்ளி அவன்தான் வைக்கணும்."

எங்கள் பக்கம் வழக்கம் அப்படி. தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன்.

"கத்தினா?" என்றேன்.

"கத்தட்டுமே. அன்னிக்கு எல்லாரும்தான் கத்துவாங்க."

அக்காவிடம் போய்க் கேட்டேன், காரும் டியூரண்டும் செய்தது மாதிரி, கத்தாமல் கேட்பதற்கு அவனுக்கு ஒரு வழி கற்றுக்கொடுக்க முடியுமா என்று. முடியும், அப்பா படம் போட்ட ஒரு அட்டை, அதை எடுத்து நம் கையில் கொடுக்கப் பழக்கலாம் என்றார். பிறகு அவரே கேட்டார், "கொடுத்தா நீங்க என்ன பண்ணுவீங்க?" தண்ணீர் அட்டை கொடுத்தால் தண்ணீர் தரலாம். இந்த அட்டைக்கு என்ன தருவது? யோசித்துப் பார்த்தால், கேட்க வழி கொடுப்பது என்பது பதில் தர வேண்டிய கடனை நாம் ஏற்றுக்கொள்வது. பதில் இல்லாத இடத்தில்தான் நமக்கு 'சும்மா இரு' தேவைப்படுகிறது. சாவைப் பற்றி நம்மில் யாரிடமும் நல்ல பதில் இல்லை. மற்றவர்களிடம் அதை ஒப்புக்கொள்ள நமக்குச் சடங்குகள் இருக்கின்றன, பறை இருக்கிறது, பால் தெளிப்பு இருக்கிறது. அவனுக்கு மட்டும் அதையும் இல்லாமல் செய்துவிட்டோம்.

அட்டை செய்திருக்கிறோம். அவன் கொடுத்தால் அவனோடு போட்டோவின் முன்னால் உட்காருவது, உத்திரமேரூரில் அப்பாவை எரித்த இடத்துக்கு மாதம் ஒருமுறை கூட்டிப்போவது என்று வைத்திருக்கிறோம். இரண்டு தடவை போனோம். ஏரிக்கரையில் காற்று அவனுக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் நான் எதையும் படித்துக்கொள்ள முயலவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மதியம் இரண்டரைக்கு, ஹெட்போனை எடுத்து வைத்துவிட்டு அவனை நானே கேட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மா வாசற்படியில் நின்றாள். கத்தினால் கத்தட்டும், நானும் பக்கத்தில் நிற்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். 2:40க்கு வளைவில் பஸ் திரும்பியது. அதே கம்பெனி, அதே ரூட் எண். வேகம் குறையாமல் எங்களைத் தாண்டிப் போனது. தம்பி பஸ்ஸைப் பார்க்கவில்லை. கேட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். பிறகு என் பக்கம் கையை நீட்டினான், கடலை மிட்டாய்க்கு.